பெயர்ச்சாவி

மார்ச் 3 — 06.10
சீரஸ் சிறுகோள், வெண்குழி நிலையம், தொடர்பு அறை. எழுதுவது: ஜெசிந்தா ரொட்ரிகோ, தொடர்பு அலுவலர்.

பூமியோடு இணைப்பு சீர். ஒரு சொல் போய்ச்சேர இன்று இருபத்து நான்கு நிமிடம். மேல் ஆண்டெனாவில் பனி பிடித்திருந்தது, சூடேற்றி உருக்கியாயிற்று. காற்றழுத்தம் சரி. பனிச்சுரங்கத்தில் வேலை நடக்கிறது. போன மாதம் மூன்று பேர் செத்த ஏழாம் சுரங்கம் மட்டும் இன்னும் மூடிக்கிடக்கிறது. அடுத்த கப்பல் வர ஏழு மாதம். நிலையத் தலைவர் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார். அதுவரை சுரங்கப் பொறுப்பாளர் ஞானசிகாமணிதான் எங்களுக்கு ராஜா.

இதை யார் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. தொடர்பு அலுவலர் தினம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதியது காப்புப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு அழிக்க முடியாது. நிலையமே நொறுங்கினாலும் பெட்டி நொறுங்காதாம். அதை விற்றவர்கள் சொன்னது.

நேற்றைய திறந்த அலை: ஐந்து பேர். ஒருவர் சாம்பாரைத் திட்டினார். ஒருவர் குளியல் தண்ணீரைக் குறைத்ததைத் திட்டினார். இருவர் என்னைத் திட்டினார்கள். ஐந்தாமவர் பாடினார், அதுவும் திட்டு மாதிரிதான் இருந்தது.

புதிதாக வருபவருக்காக: தினமும் மாலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் தன் அறையிலிருந்தே பேசலாம். எல்லா நடைவழியிலும் கேட்கும். குரலைக் கருவி மாற்றிவிடும். பேசியவர் பெயர் கருவிக்குள் பூட்டிக்கிடக்கும். அதைத் திறக்கும் சாவி என் கழுத்தில் தொங்குகிறது. குடியிருப்புச் சட்டம், பிரிவு ஒன்பது: சட்ட அலுவலரின் உத்தரவு இல்லாமல் திறக்கக் கூடாது. இங்கே காற்று, சோறு, படுக்கை எல்லாம் கொடுப்பது மேலதிகாரி. அவரைப் பற்றிச் சொந்தப் பெயரில் எவன் வாய் திறப்பான்? இந்தப் பதவியில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு பிரிவுதான். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நான் சாவியைப் போட்டதில்லை.

இன்னொன்று. எங்கள் அறைகள் இருக்கும் அலுவலர் வரிசையின் காற்று விசிறி எரிந்துவிட்டது. விசிறி இல்லாவிட்டால் இங்கே நாம் விட்ட மூச்சே நம் முகத்தைச் சுற்றி நிற்கும், தலை சுற்றும். அதனால் பராமரிப்பு துரைக்கண்ணு, நான் கேட்டதன்பேரில், மூன்றாம் வரிசை விசிறியைக் கழற்றி மாலையில் எங்களுக்கு மாட்டிக் கொடுக்கிறார். மூன்றாம் வரிசைக்காரர்கள் மாலை வேலைக்குப் போய்விடுவார்கள். இரவு பத்துக்கு அவர்கள் திரும்புவதற்குள் பழைய இடத்துக்குப் போய்விடும். இப்படிக் காலி வரிசையிலிருந்து கடன் வாங்குவது பராமரிப்பில் வழக்கம்தான், யாரும் எங்கும் எழுதுவதில்லை. "எழுதிராதீங்கக்கா, மேல கேள்வி வரும்" என்றார் துரைக்கண்ணு. இங்கே எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?

மார்ச் 4 — 19.50
இன்று திறந்த அலையில் ஒரே ஒருவர்தான். அதற்குப் பிறகு பேச யாருக்கும் வாய் வரவில்லை. முழுவதையும் எழுதுகிறேன்:

"ஏழாம் சுரங்கத்துல செத்த மூணு பேரைப் பத்திப் பேசணும். விபத்துன்னு எழுதி, விசாரணையை மூடியாச்சு. காத்து கசிய ஆரம்பிச்சதும் அவங்க மூணு பேரும் உயிரோட கதவு வரைக்கும் ஓடி வந்துட்டாங்க. தட்டுனாங்க. ரொம்ப நேரம் தட்டுனாங்க. திறக்காதேன்னு சொன்னவர் ஞானசிகாமணி. இது வரைக்கும் யாரும் அவர் பேரை எடுக்கல. நான் எடுக்கறேன்."

அவ்வளவுதான். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பின்னால் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத வேண்டும். குரலைத்தான் கருவி மாற்றும், பின்னணி இரைச்சலை மாற்றாது. அதற்கும் ஒரு வடிகட்டி வேண்டும் என்று இருமுறை கேட்டுவிட்டேன். தேவையில்லை என்று பதில் வந்தது. இங்கே நாலு வருடம் இருந்தவனுக்கு எந்த விசிறி எந்த வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். கப்பல் வந்தால் விருந்தில் அதுதான் பந்தயம். கண்ணைக் கட்டி, பதிவைப் போட்டு, வரிசையைச் சொல்ல வேண்டும். தோற்றவன் பாத்திரம் கழுவணும். மூன்றாம் வரிசை விசிறி ஒரு இறக்கை தேய்ந்து விட்டு விட்டு இழுக்கும். அதற்கு நொண்டி என்று பேர். குழந்தையே இல்லாத இந்த ஊரில் ஒரு குழந்தை இருந்தால் அதற்கும் தெரிந்திருக்கும்.

இன்று பின்னால் கேட்டது நொண்டி. அந்த நேரத்தில் நொண்டி எங்கே சுற்றிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும், துரைக்கண்ணுக்குத் தெரியும். அலுவலர் வரிசையில் ஆறு அறை. ஒன்று என்னுடையது, நான் இங்கே இருந்தேன். மீதி ஐந்து பேரில் ஒருவர்.

தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருப்பேன்.

மார்ச் 5 — 11.20
ஞானசிகாமணி காலையிலேயே அழைத்தார். இந்த அறைக்கு வரும் அழைப்பெல்லாம் பதிவாகும், அதனால் அப்படியே தருகிறேன்.

"எம்மா ஜெசிந்தா, ஒரு ஆள் பேரு தெரியாம நின்னுக்கிட்டு என்னயக் கொலகாரன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இந்தப் பேச்சு நாளைக்கு ஊருக்குப் போகும். என் பேரு மட்டும் சந்தியில கிடக்கணும், அவன் பேரு உங்க கழுத்துல பத்திரமா இருக்கணுமோ? இது என்ன நியாயம்?"

நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிட அசிங்கமாகக் கேட்டிருப்பேன். ஆனால் சாவியைப் போட எனக்கு அதிகாரம் இல்லை. சட்ட அலுவலர் வைதேகியை இணைப்பில் சேர்த்தேன். வைதேகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தஞ்சாவூர்ப் பக்கம். கறாரான ஆள்.

"புகாரை எழுதிக் கொடுங்க சார். ரெண்டு பக்கமும் கேட்டுட்டு முடிவு சொல்றேன். ஒரு வாரம் ஆகும். அது வரைக்கும் பேரைத் திறக்க உத்தரவு போட மாட்டேன்."

"ஒரு வாரம் என்னய உயிரோட விடுவானுகளா?"

வைதேகி புகார்ப் படிவத்தை அவருக்கு அனுப்பிவைத்தாள். 

மார்ச் 5 — 20.40
விடவில்லை.

உணவுக்கூடத்தில் ஆரம்பித்தது. செத்த மூன்று பேரோடு வேலை செய்தவர்கள் ஞானசிகாமணியை மேஜையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பனி உடைக்கும் கம்பியால் முகத்தில் அடித்தார்கள். இங்கே எடை இருப்பதே தெரியாது. அடிக்கிறவனும் பின்னால் பறப்பான், அடிபட்டவனும் பறப்பான். அதனால் நாலு பேர் அவர் கையையும் காலையும் பிடித்து நிறுத்தி, அசையாமல் வைத்து அடித்தார்கள். ரத்தம் கீழே விழ நேரம் எடுத்தது. கேமராவில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருடைய தம்பி தேவசகாயமும் அவர் ஆட்களும் வந்து சேர்ந்தபோது கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமாயிற்று. இரண்டு காவலர்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

விலக்கிவிடப் போன துரைக்கண்ணு யாரோ வீசிய துளைக்கும் ஊசி கழுத்தில் ஏறிச் செத்துப்போனார். அவர் எந்தப் பக்கமும் இல்லை. கையில் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஆள்.

ஞானசிகாமணியை மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். தாடை போய்விட்டது. ஆனாலும் பேச வேண்டும் என்று மைக்கைக் கேட்டாராம். எனக்குக் கேட்டது இவ்வளவு:

"திறந்திருந்தா... இந்தப் பக்கம் நாப்பது பேரு... காத்து எல்லாம் போயிருக்கும்... எவனாவது கேட்டானா என்கிட்ட..."

எட்டேகாலுக்கு உயிர் போனது. திறக்காதே என்று அவர் சொன்னது உண்மை. ஏன் சொன்னார் என்பதும் உண்மை. திறந்த அலையில் முதல் உண்மைக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது.

மார்ச் 6 — 15.30
தேவசகாயமும் அவன் ஆட்களும் காலை முழுக்க ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். திறந்த அலைப் பதிவு பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பேச்சை விட்டுவிட்டார்கள், கடைசியில் வரும் விசிறியை மட்டும் கேட்டார்கள். விருந்துப் பந்தயத்தில் விளையாடுகிற அதே முகத்தோடு கேட்டார்கள்.

நொண்டி, மூன்றாம் வரிசை. அந்த நேரத்தில் மூன்றாம் வரிசையில் எல்லோரும் வேலையில். முட்டி வீங்கி விடுப்பில் இருந்தது பம்ப் ஓட்டுகிற மாசிலாமணி ஒருவன்தான்.

வெளியே போகும் காற்றறை வாசலில் வைத்து அவனைக் கேட்டார்கள். அங்கே உள்ள மைக் திறந்தே இருந்தது.

"ஏழு மணிக்கு எங்கல இருந்த?"

"அறையில இல்ல."

"பெறகு?"

"சொல்ல முடியாதுண்ணே. ஆனா நான் பேசல. எங்கம்மா சத்தியமா நான் பேசல."

"அறையில இல்லன்னா எங்க இருந்தன்னு சொல்லு, விட்டுருதேன்."

அவன் சொல்லவில்லை. காற்று உடுப்பு இல்லாமல் உள்ளே தள்ளி வெளிக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே போகும்போது மனிதன் கத்துவது கேட்காது என்று நினைத்திருந்தேன். காற்று தீரும்வரை கேட்கும்.

இருபத்தாறு வயது. நாகர்கோவில்காரன். தம்பி சூசையும் இங்கேதான் வேலை. காலை வணக்கம் சொல்லாமல் என் வாசலைத் தாண்டியதில்லை.

உடனே ஒருவரை அழைத்தேன். விசிறி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேரை இங்கே எழுத மாட்டேன், இந்தப் பெட்டி எதையும் மறக்காது. அழைப்புப் பதிவையும் அழித்துவிட்டேன். விதிமீறல்தான். அவர் சொன்னது இது:

"இப்பவே சொல்லிருங்க ஜெசிந்தா. அடுத்த ஆளைத் தூக்கறதுக்கு முன்னாடி. மூணாம் வரிசைக்கு இதுல சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

முடியாது என்றேன். விசிறி எங்கே இருந்தது என்று சொல்வதும் பேரைச் சொல்வதும் ஒன்றுதான். உத்தரவு இல்லாமல் ஐந்து பேரை நோக்கிக் கை நீட்டுவது சட்டப்படி தப்பு என்றேன். சட்டம் என்ற சொல்லை நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அடுத்த ஆள் என்று யாரும் இருக்க மாட்டார்கள், ஒரு சாவோடு ஆத்திரம் அடங்கும் என்று நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன்.

மார்ச் 7 — 09.30
வள்ளிக்கண்ணு. துளைப்பான் இயக்குபவள், ஐந்தாம் வரிசை. கணவன் காரைக்குடியில்.

காலையில் நடைவழி ஒலிபெருக்கியைத் தானே எடுத்துப் பேசினாள்.

"மாசிலாமணி அன்னைக்கு என் கூட இருந்தாரு. என் அறையில. ஏழு மணிக்கும் இருந்தாரு, எட்டு மணிக்கும் இருந்தாரு. என் பேரு கெட்டுரும்னுதான் வாயத் தொறக்காமப் போயிட்டாரு. இப்ப நானே சொல்றேன், போதுமா? தப்பான ஆளைக் கொன்னுட்டீங்கடா. கேக்குதா?"

ஒரு மனுஷி தன் மானத்தை எடுத்து இருநூறு பேர் காதில் போட்டாள். அவர்கள் நம்பவில்லை. தேவசகாயம் திரும்பிக் கேட்டது இதுதான்:

"எல்லாருக்கும் காது இருக்கு. கேட்டது நொண்டி. அவன் உன் கூட இருந்தான்னா, நீங்க ரெண்டு பேருமாச் சேந்து அவன் அறையில இருந்துதான பேசியிருக்கீங்க?"

முதலில் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒருவன் கண்ணைக் குத்திவிட்டு ஓடினாள். ஓட முடியாத ஊர் இது. ஒரு எட்டு வைத்தால் கூரையில் போய் இடிக்கிறோம். கூரையிலிருந்து காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். சுவரில் பனித்தகடு பொருத்துகிற ஆணித் துப்பாக்கியை எடுத்து உள்ளங்கை இரண்டையும் சுவரோடு சேர்த்து அடித்தார்கள். மூன்றாவது ஆணி நெஞ்சில். "யாருடி சொல்லிக் குடுத்தா" என்று கேட்டுக்கொண்டேதான் அடித்தார்கள். அவளுக்குப் பதில் தெரிந்தால்தானே சொல்வாள்.

பதில் தெரிந்த நான் இங்கே, கனமான கதவுக்குப் பின்னால், பிரிவு ஒன்பதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

09.50
ஒலிபெருக்கியில் பேசிவிட்டேன், சொந்தப் பெயரில்.

"நான் ஜெசிந்தா. நாலாம் தேதி சாயங்காலம் நொண்டி மூணாம் வரிசையில இல்ல. எங்க வரிசைக்குக் கடன் வாங்கியிருந்தோம். மாட்டினவர் துரைக்கண்ணு, அவர் செத்துட்டார். மாசிலாமணி பேசல, வள்ளிக்கண்ணு பேசல. மூணாம் வரிசையில யாரையும் தொடாதீங்க."

நிலையம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் காலடிகள் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பியது கேட்டது.

மார்ச் 7 — 11.15
அலுவலர் வரிசையின் ஐந்து பேரையும் வெளியே இழுத்து முட்டி போட வைத்திருக்கிறார்கள். கிடங்கு அலுவலர் தணிகாசலத்தின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவருக்கு வயது அறுபது. தேவசகாயம் அழைத்தான்.

"ஏ, உன் வரிசையில அஞ்சு பேரு இருக்கான். ஒவ்வொருத்தனா ஆரம்பிக்கட்டுமா, இல்ல அந்தச் சாவியப் போடுதியா?"

"உத்தரவு இல்லாம போட முடியாது தேவசகாயம்."

"உத்தரவு குடுக்க வேண்டியவளும் இங்கதான் முட்டி போட்டுருக்கா. இரு, குடுக்கச் சொல்லுதேன்."

இரண்டு நிமிடத்தில் உத்தரவு திரையில் வந்தது. முத்திரை சரி, எண் சரி, தேதி சரி. "குடியிருப்புச் சட்டம் பிரிவு ஒன்பதின்படி, மார்ச் 4 அன்று திறந்த அலையில் பேசியவரின் பெயரைத் தொடர்பு அலுவலர் உடனடியாகத் திறந்து பொதுவில் அறிவிக்க இதனால் உத்தரவிடப்படுகிறது."

மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சாவியைப் போட்டேன்.

வைதேகி.

அவளுடைய தனி இணைப்பைக் கூப்பிட்டேன். எடுக்க விட்டார்கள். கூடவே ஒருவன் மூச்சுவிடுவதும் கேட்டது.

"நீங்களா?"

"உத்தரவைப் படிச்சீங்களா ஜெசிந்தா?"

"தன் வழக்குல தானே உத்தரவு போடக் கூடாது. இது செல்லாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். வேற யாரும் இல்லையே, போட. ஞானசிகாமணி எங்கிட்ட மூடி முத்திரை வெச்ச வாக்குமூலம் குடுத்தாரு. கதவு விஷயம், நாப்பது பேர் விஷயம், எல்லாம் அதுல இருந்துச்சு. விசாரணை வரைக்கும் அதை நான் வெளிய சொல்லக் கூடாது. சட்டம். அப்புறம் பூமியில இருந்து விசாரணையே வேணாம்னு மூடிட்டாங்க. அந்த மூணு வீட்டுக்கும் விபத்துன்னு போய்ச் சேர்ந்துச்சு. என்னால தாங்க முடியல. திறந்த அலை இருக்கேன்னு பேசிட்டேன். கால்வாசிதான் பேசினேன். முழுசாப் பேசியிருக்கணும்."

"அப்ப மாசிலாமணியைத் தூக்கும்போது எங்கடீ போனே?"

நான் அப்படி அவளைப் பேசியதே இல்லை. அவள் அழுதாள்.

"பயந்துட்டேன். எனக்கு இந்த விசிறிக் கணக்கெல்லாம் தெரியாது. ஏன் அவனைப் பிடிச்சாங்கன்னே புரியல. பயந்துட்டேன், அவ்வளவுதான். இப்ப நிறைவேத்துங்க. தணிகாசலம் சாருக்கு அடுத்த கையைப் பிடிச்சுட்டாங்க."

எல்லா ஒலிபெருக்கியிலும் அவள் பெயரை வாசித்தேன். செல்லாத உத்தரவு என்று தெரிந்தே வாசித்தேன். மற்ற நாலு பேரை விட்டுவிட்டார்கள்.

அவளை உடனே கொல்லவில்லை. அவள் பேசிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஒரு வார்த்தைக்கு ஒரு அடி. பனி உடைக்கும் கம்பி. "நான் எடுக்கறேன்" வரைக்கும் போகவில்லை.

மார்ச் 8 — 08.00
பூமியிலிருந்து பதில். மூன்று நாள் அனுப்பிய அபாயச் செய்திகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில். நிறுவனத்தின் சட்டப் பிரிவு அனுப்பியது:

"நிகழ்வுகளுக்கு வருந்துகிறோம். திறந்த அலையை மறு அறிவிப்பு வரை நிறுத்தவும். பாதுகாப்பு ஆய்வுக்காக, கடந்த மூன்று ஆண்டுகளில் பேசிய அனைவரின் பெயர்களையும் திறந்து எங்களுக்கு அனுப்பவும்."

அனைவரின் பெயர்களும். சாம்பாரைத் திட்டியவர், தண்ணீரைத் திட்டியவர், மேலதிகாரி கை வைத்ததைச் சொன்ன சமையல்கூடப் பெண், ஒப்பந்தம் முடிந்தும் அனுப்பவில்லை என்று அழுதவர். எல்லாரும் என்னை நம்பிப் பேசியவர்கள்.

பதில் அனுப்பினேன்: "பிரிவு ஒன்பதின்படி சட்ட அலுவலரின் உத்தரவு தேவை. சட்ட அலுவலர் நேற்றுக் காலை அடித்துக் கொல்லப்பட்டார்."

திறந்த அலையை நிறுத்தமாட்டேன். இன்று மாலை ஏழுக்குத் திறப்பேன். என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான்.

மருத்துவ அறையில் இருபத்தொரு பேர். தேவசகாயத்தின் ஆட்கள் வடக்குப் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாம் வரிசையும் ஐந்தாம் வரிசையும் தெற்குப் பகுதியை. நடுவில் நான்.

மார்ச் 8 — 19.25
திறந்தேன். ஒருவர் பேசினார்.

"ஆறாம் தேதி மாசிலாமணியைக் கொன்ன கொஞ்ச நேரத்துலயே தொடர்பு அலுவலருக்கு எல்லாம் தெரியும். விசிறி அந்த வரிசையில இல்லன்னு தெரியும். சொல்லுங்கன்னு கெஞ்சியும் சொல்லல. சட்டம்னாங்க. வள்ளிக்கண்ணு செத்தது அதுக்கு அப்புறம். அவங்களைக் காப்பாத்தியிருக்கலாம்."

குரலைக் கருவி மாற்றிவிட்டது. பின்னால் விசிறியே இல்லை. இப்போது பேசுகிறவர்கள் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

அன்று நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உன்னை நம்பித்தானே சொன்னேன், உனக்கும்தானே தெரியும், நீயே ஒலிபெருக்கியை எடுத்திருக்கலாமே, உன் வாயை யார் கட்டினார்கள்? சாவியைத் துளைக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். போட்டால் பேர் வரும். வந்தால் சத்தமாக வாசிக்கலாம். அவருக்கும் தெரியும், அவரும் மூடிக்கொண்டுதான் இருந்தார் என்று சேர்த்தே சொல்லலாம். என் மேல் வரும் ஆத்திரத்தில் பாதி அங்கே போய்விடும்.

ஞானசிகாமணிக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

19.40
தெற்குப் பகுதி ஆட்கள் கதவுக்கு வெளியே. பனி அறுக்கும் ரம்பம் கொண்டுவந்திருக்கிறார்கள். அறுக்க ஆரம்பித்தாயிற்று.

வடக்கிலிருந்து தேவசகாயமும் அழைக்கிறான். "பேரைச் சொல்லு, என் ஆளுகள அனுப்பி உன்னயக் காப்பாத்துதேன். உன்னயப் பத்திப் பேசுனவனுக்கும் சேத்துக் குடுத்துருதேன்." நல்ல மனசு.

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

19.52
பற்றவைக்கும் கருவியில் சாவியை வைத்தேன். உருக நேரம் பிடித்தது. கை சுட்டுவிட்டது. பெயர் நினைவகத்தையும் பிடுங்கி அதே நெருப்பில். மூன்று வருடப் பேர்கள். இன்றைய பேரும். பார்க்கவில்லை. இதைப் படிப்பவருக்கு: நான் பார்க்கவில்லை. யார் என்று ஊகிக்காதீர்கள், நானும் இனி ஊகிக்கப்போவதில்லை.

புகை. இருமல். எழுத்து தப்பாக வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

19.58
கதவில் முழங்கை நீளம் பிளந்துவிட்டது. பிளவு வழியே வெளிச்சம் தெரிகிறது. ரம்பம் நின்றது. கதவு மைக்கில் மாசிலாமணியின் தம்பி சூசை. சத்தம் போடவில்லை, பாவம், சாதாரணமாகத்தான் கேட்டான்.

"அக்கா. யாரு பேசுனான்னு எங்களுக்கு வேண்டாம். அந்தப் பேரு உங்ககிட்டயே இருக்கட்டும். அண்ணன் செத்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க. தெரியாதுன்னா நான் இவங்களக் கூட்டிட்டுப் போயிருதேன்."

தெரியாது என்று சொல்லலாம். அலையில் பேசியவர் சொன்னது பொய் என்று ஆகிவிடும். யாரும் சாட்சி இல்லை. அழைப்பை நான்தான் அழித்தேன், சாவியை நான்தான் உருக்கினேன்.

மைக்கை அழுத்தினேன். எல்லா நடைவழிக்கும் போகிற மைக்.

"தெரியும்" என்றேன்.

 

இப்போது ரம்பம் மறுபடி